பேண்டும் கொயரும் ஒரே மூச்சில்: ரே கானிஃபின் 1956-ஆம் ஆண்டு இசைத்தட்டு

அமெரிக்க இசையமைப்பாளரும் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் கலைஞருமான ரே கானிஃப் தம் பெயரில் வெளியிட்ட முதல் நெடுந்தட்டு ‘ஸ் வொண்டர்ஃபுல்’. 1956-இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவான அந்தத் தட்டின் பழைய பிரதி ஒன்று, நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் உள்ள ஒரு பழைய பொருள் கடையில் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் கோயில் கொயரில் (பாடகர் குழுவில்) நின்று பாடிப் பழகியவர்களும், தெருவில் பேண்டுச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து வளர்ந்தவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஜாஸ் என்றால் கலைஞர் தனியே எழுந்து நின்று, அந்த நேரத்தில் மனத்தில் தோன்றியதை வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், வாங்குவதற்கு முன் இணையத்தில் இரண்டு பாடல்களையாவது கேட்டுவிடுவது நல்லது.

முதலில் தட்டின் நிலை. 12 அங்குல அகலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாடல்கள். அட்டையின் கீழ் விளிம்பில் ஈரம் ஏறிய கறையும், உள்ளுறையில் பூசணப் புள்ளிகளும் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு பருவமழையையும் பார்த்துவிடுகிற நம் மாவட்டத்தில் இந்த இரண்டும் இல்லாத பழைய தட்டைத் தேடிப் பயனில்லை. தட்டின் பள்ளங்களுக்குள் பூசணம் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கடை வாசல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் தெரியும். அவற்றின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் இடறினால் ஊசியும் இடறும். என் பிரதியில் இருந்தவை உறையிலிருந்து எடுத்து எடுத்து வைத்ததால் விழுந்த மெல்லிய கோடுகள். பாட்டு அடங்கும் இடங்களில் லேசான சடசடப்பு கேட்கிறது. எந்த இடத்திலும் ஊசி குதிக்கவில்லை.

இனி இசைக்கு வருகிறேன். இத்தட்டில் மனிதக் குரல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன, ஆனால் அவை ஒரு சொல்லைக்கூடப் பாடுவதில்லை. பெண் குரல்களை டிரம்பெட், கிளாரினெட், மேல் சுதிச் சாக்ஸபோன்களோடும், ஆண் குரல்களை டிராம்போன், கீழ்ச் சுதிச் சாக்ஸபோன்களோடும் இணைத்து, ஊதுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் ஒரே சுரத்தை, ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் எழுதிக் கொடுத்தார் கானிஃப். ‘ட-ட-டா’, ‘பா-பா’ போன்ற ஒலிகளைப் பாடகர்கள் உச்சரிக்க, பித்தளை வாத்தியத்தின் கூர்மை குரலின் மென்மைக்குள் புதைந்து, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நாதம் பிறக்கிறது. டிரம்பெட்டின் முனை எங்கே முடிகிறது, பெண் குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தச் சேர்க்கைதான் இத்தட்டின் முழு விலையும். அதற்கு அடியில் கிதாரும் பாஸும் டிரம்ஸும் சீராகத் துள்ளும் ஒரு நடையை, ஆடுகிறவரின் கால் தவறாத வேகத்தில், விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் சேர்க்கை ஏன் அந்தக் காலத்தில் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் தட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். 1930-களின் நடுவிலிருந்து அமெரிக்க நடன அரங்குகளை ஆண்டவை பதினைந்து பேர் அளவிலான பெரிய பேண்டுகள். மேடையில் நின்ற பாடகர் அவற்றுக்குத் துணைதான். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், பதிவு நிறுவனங்களோடு ஏற்பட்ட உரிமைத்தொகைத் தகராறில், உறுப்பினர்கள் யாரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை விதித்தது. கொலம்பியா போன்ற பெரிய நிறுவனங்களோடு உடன்பாடு எட்டுவதற்கு 1944 நவம்பர் ஆகிவிட்டது. பாடகர்கள் அந்தச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லாததால், வாத்தியங்கள் ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரு பாடகர் குழுவை நிறுத்தி, வெறும் குரல்களை வைத்தே தட்டுகள் பதிவாயின. கேட்பவர்களின் காது குரலுக்குப் பழகியது. பாடகர் முன்னால் வந்தார். போர்க்காலத்தில் இளம் கலைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டதும், நடன அரங்குகள் மீது விழுந்த வரியும், பெரிய குழுவை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் செலவும் சேர்ந்துகொள்ள, 1946 இறுதிக்குள் புகழ்பெற்ற பேண்டுகள் பல கலைந்துவிட்டன. அப்படி வேலையிழந்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் கானிஃப். 1916-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆட்டில்பரோ என்ற ஊரில் பிறந்து, தந்தையிடமே டிராம்போன் கற்று, பனி பெரிகன், பாப் கிராஸ்பி, ஆர்ட்டி ஷா ஆகியோரின் பேண்டுகளில் வாசித்தவர். பின்னர் ஹாரி ஜேம்ஸுக்கு இசைக்கோப்பு எழுதியவர். 1950-களில் கொலம்பியா நிறுவனத்தில் தயாரிப்பாளர் மிட்ச் மில்லரின் கீழ்ப் பிற பாடகர்களுக்குப் பின்னணி எழுதும் பணியில் சேர்ந்தபோது, தாம் இழந்த பேண்டையும் மக்கள் விரும்பத் தொடங்கிவிட்ட குரலையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

ஆகவே இந்தத் தட்டு வெளிவந்த நாளிலேயே பழைய நினைவை விற்ற தட்டு. பாடல் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும். தலைப்புப் பாடலும் ‘ஸ்டார்டஸ்ட்’டும் 1927-ஐச் சேர்ந்தவை. ‘டான்சிங் இன் த டார்க்’ 1931. கோல் போர்ட்டர் எழுதிய ‘பிகின் த பெகின்’ 1935. ஆர்ட்டி ஷாவின் பேண்டு 1938-இல் அதைப் பதிவு செய்து நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. கூர்ட் வைல் எழுதிய ‘செப்டம்பர் சாங்’ 1938. ‘சென்டிமென்டல் ஜர்னி’, போர் முடியும் தறுவாயில், வீடு திரும்பும் படைவீரர்களின் பாட்டாகவே 1945-இல் பரவியது. இந்த மெட்டுகளுக்கு இருபது வயதில் ஆடியவர்கள் 1956-இல் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு, பிள்ளைகள், தவணை என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. வானொலியிலோ பிள்ளைகளின் ராக் அண்ட் ரோல் நுழைந்துவிட்டது. அவர்களுக்காகவே கானிஃப் பழைய மெட்டுகளை எடுத்து, அவற்றின் சொற்களை நீக்கிவிட்டு, புதிய ஒலியில் வார்த்துக் கொடுத்தார். சொல் இல்லாததால் கேட்பவர் தமக்குத் தெரிந்த வரியை மனத்துக்குள் தாமே பாடிக்கொள்கிறார். பாடலைக் கேட்பதும் பாடலை நினைவுகூர்வதும் ஒரே நேரத்தில் நடக்கும்படி செய்த அந்த முடிவை நான் பெரிய கலை நுட்பமாகவே மதிக்கிறேன்.

அந்த மெட்டுகளுக்கு ஆடியவர்கள் நாமல்லவே, நமக்கு என்ன நினைவு என்ற கேள்வி நியாயமானது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தில், அந்த ஆண்டு இத்தட்டை வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்திருப்பார்கள். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி இருந்தது. அதன் ஆங்கில ஒலிபரப்பு இக்கரையில் தெளிவாகக் கேட்டது. வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் அர்த்தம் தெரிந்தும் தெரியாமலும் மேல்நாட்டு நடன இசை சமையலறை வரை ஒலித்தது. அதைவிட முக்கியமான காரணம், இந்த இசையின் இரண்டு பாதிகளும் நம் ஊரில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்தவை என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் வேரூன்றிய லண்டன் மிஷன் சபைகள் வழியாக, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று உயர்ந்த குரல் முதல் தாழ்ந்த குரல் வரை நாலு பார்ட் பிரித்துப் பாடும் வழக்கம் கிராமக் கோயில்கள் வரை வந்துவிட்டது. திருவிழாத் தேரின் முன்னும், கல்யாண ஊர்வலத்திலும், சில இடங்களில் இறுதி ஊர்வலத்திலும் பித்தளை வாத்தியப் பேண்டு நடக்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாக் காலத்தில் அந்தத் தெருக்களில் நின்றவருக்கு டிராம்போனின் அடிக்குரலை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) சபையில் பேண்டும் பாட்டும் ஒன்றாகவே போகும் என்றாலும், மற்றச் சபைகளில் கொயர் கோயிலுக்குள்ளும் பேண்டு கோயிலுக்கு வெளியிலுமாகவே பெரும்பாலும் நின்றுவிட்டன. இரண்டும் கைகோத்து ஒலிப்பதை முதல் தடவையாக முழுமையாகக் கேட்கும்போது, எப்போதோ கேட்டு மறந்ததைத் திரும்பக் கேட்பது போன்ற உணர்வு எழுவது அதனால்தான் என்று நம்புகிறேன்.

எங்கள் சபைக் கொயரின் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து இத்தட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் பாடல் முடியும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. வலது கை மட்டும் முழங்காலின் மேல் பார்ட்டுகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது, மேல் சுரத்துக்கு ஆள்காட்டி விரல், ஆல்ட்டோவுக்கு நடுவிரல் என்று. பின்பு, “தொண்டையாலல்லா சார் ஊதுகாங்க! மூச்சு எங்க எடுக்காங்கன்னே தெரியல பாத்தியளா?” என்றார். அவர் கேட்டது சரியான இடம். ஊதுகிறவரும் பாடுகிறவரும் ஒரே சொற்றொடரை எழுப்பும்போது இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தாக வேண்டும். இல்லையெனில் ஒன்று முன்னால் ஓட, மற்றது பின்னால் இழுக்கும். இத்தட்டில் ஒரு சொற்றொடரின் கடைசிச் சுரம் வெட்டப்படும் இடத்தைக் கவனியுங்கள்: குரல், டிரம்பெட், சாக்ஸபோன் மூன்றும் ஒரே கணத்தில் நிற்கின்றன, வால் எதுவும் மீதமில்லை. கொயர் பழக்குகிறவர்களுக்கு இந்த ஒன்றைக் கற்பதற்காக மட்டுமே தட்டைச் சிபாரிசு செய்யலாம். ஒத்திகையில் நாம் அதிகம் திருத்துவது சுரத்தை. சுரம் முடியும் இடத்தை யாரும் அவ்வளவாகத் திருத்துவதில்லை.

பாடல்களில் எனக்கு உயர்வாகப் படுவது ‘பிகின் த பெகின்’. மிக நீளமான, திரும்பத் திரும்ப வந்து அடியில் முடியாமல் நீண்டுகொண்டே போகிற மெட்டு அது. அந்த நீளத்தைத் தாங்கக் குரலும் பித்தளையும் மாறி மாறித் தோள் கொடுக்கின்றன. ‘செப்டம்பர் சாங்’ வயது ஏறுவதைப் பற்றிய பாட்டு. சொற்களை எடுத்துவிட்ட பிறகும் அந்த ஏக்கம் மெட்டில் தங்கியிருக்கிறது. தலைப்புப் பாடல் தட்டின் கதவைத் திறந்துவிடுகிற உற்சாகத்தோடு ஒலிக்கிறது. ‘ஸ்டார்டஸ்ட்’ மெட்டு மேலும் கீழுமாகத் தாவித் தாவிச் செல்வதால் பாடகர் குழுவுக்குக் கடினமானது. சுதி துளியும் விலகாமல் அதைக் கொண்டுசெல்லும் விதத்தைக் கேட்கும்போது, இந்தப் பாடகர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பது விளங்கும். ‘வேகன் வீல்ஸ்’, ‘ஐயம் அன் ஓல்ட் கௌஹேண்ட்’ என்ற இரண்டும் குதிரைக்காரர் பாட்டுகள். பிற பாடல்களின் நாகரிக நடைக்கு நடுவில் அவை ஒட்டவில்லை. ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்க எனக்குத் தோன்றுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே துள்ளல் நடை பன்னிரண்டு பாடல்களிலும் அதிக மாற்றமின்றித் தொடர்கிறது. இரண்டு பக்கங்களையும் ஒரே அமர்வில் கேட்டால், எட்டாவது பாட்டுக்கு மேல் காது அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் என்று கேட்பதே முறை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பெரிய பேண்டு இசையின் துள்ளலைக் கண்டுபிடித்து வளர்த்தவர்கள் ஃபிளெட்சர் ஹெண்டர்சன், டியூக் எலிங்டன், கௌண்ட் பேஸி போன்ற கறுப்பினக் கலைஞர்கள். அவர்களுடைய இசையில் ஒவ்வொரு வாத்தியக்காரரின் தனிக் குரலும், அவர் அங்கேயே கற்பனை செய்யும் துணிவும், சற்றே கரகரப்பும் உண்டு. கானிஃபின் வார்ப்பில் அந்தக் கரடுமுரடு முழுவதும் இழைத்து மழமழப்பாக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஜாஸ் விமர்சகர்கள் இவ்வகை இசையை வரவேற்பறைச் சங்கீதம் என்று ஒதுக்கினார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. எலிங்டனைக் கேட்டவர்களுக்கு அந்த இழப்பு தெரியத்தான் செய்யும். ஆனாலும் கானிஃப் செய்ய நினைத்தது வேறு வேலை. தனி ஒருவரை முன்னிறுத்தாமல், பலர் சேர்ந்து ஒரே நாதமாக ஒலிப்பதன் அழகைக் காட்டுவது அவருடைய நோக்கம். அதில் அவர் முழு வெற்றி பெற்றிருக்கிறார். கேட்டவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்: 1957 முதல் 1968 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் நாற்பது இடங்களுக்குள் அவருடைய 28 நெடுந்தட்டுகள் இடம்பெற்றன.

தட்டை எப்படி ஒலிக்கச் செய்வது என்பதிலும் சில கவனிப்புகள் தேவை. இது மோனோ பதிவு, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் பதிந்த ஒலி. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்திக்கொள்ளுங்கள். பள்ளத்தில் படிந்த தூசியால் ஊசி மேலும் கீழும் அசைந்து எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி ரத்தாகிவிடும். பொத்தான் இல்லாதவர்கள் தட்டைச் சுத்தம் செய்வதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். சோப்புத்தூளும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் தட்டுகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல், நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள மர அலமாரியில் வைப்பது அவசியம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் மீனமாதத்து (பங்குனி) வெயிலில் தட்டு நெளிந்துவிடும்.

தட்டு இயந்திரம் இல்லாதவர்கள் இணையச் சேவைகளில் இதே பாடல்களைக் கேட்கலாம். ஆனால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அதில் ஆண் குரல்களும் டிராம்போனும் சேர்ந்து உருவாக்கும் கீழ்ப்பகுதி அடியோடு மறைந்து, பெண் குரல்களின் ‘ட-ட-டா’ மட்டும் மெலிதாக மிஞ்சும். விளம்பரப் பாட்டு போலத் தோன்றிவிடும். நல்ல ஹெட்ஃபோனோ, தனியாக பாஸ் கொடுக்கும் ஸ்பீக்கரோ இருந்தால் அந்தச் சேர்க்கை மீண்டும் கிடைக்கிறது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் இதைப் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரில் போட்டபோது, இரண்டாம் முறை வரும் மெட்டை அவர் தாமாகவே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். சொல் இல்லாத பாட்டுக்கு மொழி தடையாவதில்லை என்பது நம் ஊரில் இத்தட்டை வாங்குகிறவர்களுக்குப் பெரிய ஆதாயம். வீட்டில் எல்லோரும் கேட்கலாம்.

இது பிடித்துப்போனவர்கள் அடுத்து எதை வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே வார்ப்பில் இன்னும் வேண்டுமென்றால் 1957-இல் வந்த ‘ஸ் மார்வலஸ்’ இருக்கிறது. பாடகர்கள் சொற்களையும் பாடிக் கேட்க விரும்பினால், 1959-இல் 25 பேர் கொண்ட பாடகர் குழுவோடு வந்த ‘இட்ஸ் த டாக் ஆஃப் த டவுன்’ தட்டைத் தேடுங்கள். அதே ஆண்டில் ‘கிறிஸ்மஸ் வித் கானிஃப்’ என்ற தட்டும் வெளிவந்தது. பனி, மணி, வண்டி என்று பாடும் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டுகளில் பலவற்றை நம் கொயர்களும் டிசம்பரில் பாடுகின்றன. பார்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிட ஏற்ற தட்டு கிடையாது. 1966-இன் ‘சம்வேர் மை லவ்’ அவருடைய பெயரைப் பலரிடமும் கொண்டுசேர்த்த தட்டு, எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அதில் வாத்தியங்கள் பின்னால் நகர்ந்து குரல்கள் முழுவதுமாக முன்னால் வந்துவிடுகின்றன. பேண்டும் கொயரும் சரிபாதியாக நிற்பதைக் கேட்க வேண்டுமானால் 1950-களின் தட்டுகளையே தேடி வாங்குங்கள். கடையில் ‘சம்வேர் மை லவ்’வும் இந்தத் தட்டும் இருந்து, கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தால், அட்டை பழுதாக இருந்தாலும் ‘ஸ் வொண்டர்ஃபுல்’லையே எடுங்கள்.